சிறுபொழுதுக் காவல்

திருகோணமலை நகரை விட்டு வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் முதலில் எதிர்ப்படுவது உப்புவெளி. அதனைக் கடந்து மேலும் சென்றால் நிலாவெளி. நகரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கட்டை தூரம். ஓர் ஊரின் பெயரில் உப்பு இருக்கிறது. மற்றதன் பெயரில் நிலவு இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாய்க் கிழக்கே கடல் இருக்கிறது. அக்கடலில் சிறிது தூரத்தில் புறாமலைத் தீவு இருக்கிறது. இந்தக் கரையோரத்து வீடுகளிலே தொண்டை கரகரத்தால் மக்கள் முதலில் நாடுவது மருந்துக் கடையை அன்று. அடுப்பங்கரையில் இருக்கும் உப்புச் சாடியையே நாடுவர். ஒரு குவளை வெந்நீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு, முற்றத்து ஓரத்தில் நின்று நாலைந்து தடவை கொப்பளிப்பு. பாட்டி சொன்ன வைத்தியம் இது. பாட்டிக்கு அவளுடைய பாட்டி சொன்னது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொவிட் என்னும் புதிய நோய் நம் வாசலுக்கும் வந்துவிட்டது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர். அடுத்த சில வாரங்களில் உப்புச் சாடிக்குப் பக்கத்திலே புதிதாக ஒரு போத்தல் இடம்பிடித்தது. கபில நிறமான அயடீன் நீர் சில வீடுகளில். பச்சையும் நீலமுமான வாய் கழுவும் திரவங்கள் வேறு சில வீடுகளில்.

என் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்குப் படிப்பித்தவர். பென்சன் எடுத்த பின்னரும் மாலை வேளைகளில் அயற்பிள்ளைகள் அவர் வீட்டு விறாந்தையில் வந்து கூடுவது வழக்கம். ஊரடங்கு தளர்ந்து பிள்ளைகள் மீண்டும் வரத் தொடங்கியபோது அவர் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார். பாடம் தொடங்குமுன் கபில நிறத் திரவத்தால் நன்றாகக் கொப்பளிப்பார். பின்னர் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பாடம் நடத்துவார். உள்ளே அவருடைய துணைவியார் இருந்தார். நெடுங்காலமாக ஈளை நோயால் வருந்துபவர். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஒரு தடவை கொப்பளித்தால் எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும்?"

கணக்கு வாத்தியாரின் கேள்வி அல்லவா? விடையை எண்ணாகத்தான் கேட்டார். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. உலகிலும் அன்று எவரிடமும் தெளிவான விடை இருக்கவில்லை. இன்று ஓரளவு இருக்கிறது. அந்த விடையை, அது எந்த அளவுக்கு உறுதியானதோ அந்த அளவுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த கதை

வாயைக் கொப்பளித்துத் தூய்மை செய்வது மனிதன் மிகப் பழங்காலந்தொட்டு அறிந்த பழக்கம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் உப்பும் கரியும் நம் முன்னோர் பற்களைக் காத்த பொருள்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கொல்வதற்காகவே ஒரு நீரைக் கையாளுதல் என்னும் எண்ணம் மிகவும் பிந்தியது. 1865ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரத்து அறுவை வைத்தியர் ஜோசப் லிஸ்ரர், எலும்பு முறிந்து தோல் கிழிந்த ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். அக்காலத்தில் அத்தகைய காயம் சீழ்ப்பிடித்துப் பெரும்பாலும் காலை அல்லது உயிரைக் கொண்டுபோகும். அந்தச் சிறுவனின் காயமோ ஆறியது. கிருமியைத் தடுத்தால் அழுகலைத் தடுக்கலாம் என்ற உண்மை அறுவை வைத்தியத்தின் முகத்தையே மாற்றியது.

1879ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புதிய திரவம் தோன்றியது. லிஸ்ரரின் பெயரை வைத்தே அதற்கு லிஸ்ரரின் என்று பெயரிட்டனர். காயங்களுக்கும் அறுவைக்கும் என்று பிறந்த அத்திரவம், 1920களில் வாய் நாற்றத்தைப் போக்கும் நீராக விளம்பரத்தின் வலிமையால் வீடுதோறும் புகுந்தது. ஒரு மருந்து எதற்காகப் பிறந்ததோ அதற்காகவே என்றும் விற்கப்படுவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். கொவிட் காலத்தில் இதே வகை நீர்களுக்கு மூன்றாவது பிறவி ஒன்று கிடைத்தது. இம்முறை அவை வைரசைத் தடுக்கும் காவலாளிகள் என்று பேசப்பட்டன.

வாய் என்னும் வாயில்

இப்பேச்சு முற்றிலும் ஆதாரமற்றது அன்று. கொவிட் நோயாளியின் உமிழ்நீரில் அந்நோயின் வைரசு ஏராளமாய் இருப்பதை வைத்தியர்கள் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கண்டனர். மூக்கினுள் குச்சியை விட்டு மாதிரி எடுப்பதற்குப் பதிலாக உமிழ்நீரையே சோதிக்கலாம் என்ற முறையும் இதனாற்றான் வந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. அந்த வைரசு தொண்டையிலிருந்தும் சுவாசப்பையிலிருந்தும் வாய்க்கு வந்து சேர்வது மட்டுமன்று. வாயின் உட்தோலிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலுமே குடியேறிப் பெருகக் கூடியது. வாய் வெறும் வழிப்பாதை அன்று. நோயின் விளைநிலங்களுள் ஒன்று.

நாம் பேசும்போதும் சிரிக்கும்போதும் இருமும்போதும் பாடும்போதும் உமிழ்நீர்த் துளிகள் வெளியே பறக்கின்றன. பெரிய துளிகள் அருகே விழுந்துவிடுகின்றன. மிகச் சிறியவை காற்றில் மிதந்து அறையெங்கும் உலாவுகின்றன. உரத்துப் பேசுவோர் அதிகம் வெளிவிடுவர். ஆசிரியத் தொழில் உரத்துப் பேசும் தொழில் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆகவே, வெளியே பறக்கும் துளியில் வைரசின் அளவைக் குறைத்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு வரும் ஆபத்தும் குறையுமல்லவா? இதுவே வாய் கழுவும் நீரைப் பற்றிய எண்ணத்தின் வித்து. எண்ணம் நேர்மையானது. ஆனால் எண்ணம் ஒன்று, நிரூபணம் வேறொன்று.

சோதனைக் குழாயும் உயிருள்ள வாயும்

கொவிட் வைரசைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை ஒன்று உண்டு. சவர்க்காரம் அதனை அழிப்பது இந்த உறையைக் கரைப்பதனாலேதான். வாய் கழுவும் நீர்கள் சிலவற்றில் உள்ள சீத்தைல்பிரிடீனியம் குளோரைட்டு என்னும் பொருளும் இதே உறையைத் தாக்கிக் குலைக்கும். பொவிடோன் அயடீன் வேறு வழியில் வேலை செய்யும். அதிலிருந்து மெதுவாக வெளிப்படும் அயடீன், கிருமியின் புரதங்களைச் சிதைத்துவிடும். 2020ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்தில் நடத்திய ஒரு சோதனையில், அரை வீதப் பொவிடோன் அயடீன் கரைசல் 15 விநாடியிலே வைரசைச் செயலிழக்கச் செய்தது. இச்செய்தி பரவியபோது, இனி அச்சமில்லை என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் சோதனைக் குழாய் வாய் ஆகாது. குழாயில் இருப்பது அளந்து விட்ட நீர். அது அங்கேயே நிற்கும். வாயிலோ நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. ஊற்றிய மருந்தை அது கரைத்து, நீர்க்கச் செய்து, விழுங்க வைத்துவிடும். மூக்கின் பின்புறத்திலும் சுவாசப்பையிலும் இருக்கும் வைரசைக் கொப்பளிக்கும் நீர் எட்டுவதேயில்லை. சுரப்பியின் கலத்துக்குள் பெருகிக்கொண்டிருக்கும் வைரசையும் அது தொடுவதில்லை.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கிணற்று நீர் உப்பாய் இருக்கிறதென்று முழுவதையும் இறைத்து வெளியே ஊற்றலாம். அடித்தளம் தெரியும். சற்று நேரம் வெற்றி போலவே தோன்றும். ஆனால் ஊற்று உப்பாய் இருக்கும்வரை ஊறி வருவதும் உப்பு நீரே. கொப்பளிப்பு வாய்க் கிணற்றை இறைக்கிறது, ஊற்றை மாற்றுவதில்லை. எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஊறும் என்பதே வாத்தியாரின் கேள்வி.

எண்கள் சொல்வது

சிங்கப்பூரில் செனவிரத்ன என்பாரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு 2020ஆம் ஆண்டில் இக்கேள்வியை நேரடியாக ஆராய்ந்தது. கொவிட் நோயாளர் 16 பேரை நான்கு பிரிவாக்கினர். பொவிடோன் அயடீன் நால்வருக்கு, குளோரெக்சிடீன் அறுவருக்கு, சீத்தைல்பிரிடீனியம் நால்வருக்கு, வெறும் நீர் இருவருக்கு. ஐந்து நிமிடத்தின் பின்னும், மூன்று மணித்தியாலத்தின் பின்னும், ஆறு மணித்தியாலத்தின் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தனர். சீத்தைல்பிரிடீனியம் பாவித்தோரிடம் ஐந்து நிமிடத்திலும் ஆறு மணித்தியாலத்திலும், அயடீன் பாவித்தோரிடம் ஆறு மணித்தியாலத்திலும், நீர் கொப்பளித்தோரை விட வைரசு குறைந்து காணப்பட்டது.

நற்செய்திதான். ஆயினும் வெறும் நீர் கொப்பளித்தோர் எத்தனை பேர்? இருவர். இரண்டு மாணவரின் புள்ளிகளைக் கொண்டு ஒரு வகுப்பின் தரத்தை எந்த ஆசிரியரும் தீர்மானிக்கமாட்டார். ஆய்வாளரும் இதனைப் பெரிய ஆய்வுக்கு முன்னோடியாகவே வெளியிட்டனர்.

பின்னர் ஸ்பெயின் நாட்டிலிருந்து இரு ஆய்வுகள் வந்தன. 2021இல் வெளியான ஒன்று, வெவ்வேறு வகை வாய் கழுவும் நீர்களை வெறும் நீருடன் ஒப்பிட்டுக் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. 2022இல் வெளியான மற்றது 118 நோயாளரைக் கொண்டு சீத்தைல்பிரிடீனியத்தை மட்டும் ஆராய்ந்தது. இதன் முடிவு சிந்தனைக்குரியது. வைரசின் மரபுப் பொருளை எண்ணியபோது அளவு குறையவில்லை. ஆனால் வைரசின் உள்ளே பொதிந்திருக்கும் ஒரு புரதம், ஒரு மணித்தியாலத்தின் பின்னும் மூன்று மணித்தியாலத்தின் பின்னும், உமிழ்நீரில் அதிகமாகக் காணப்பட்டது. உறை உடைந்தாலன்றி உள்ளிருக்கும் புரதம் வெளியே சிந்தாது. ஆகவே மருந்து வைரசை உடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பி.சி.ஆர். என்னும் சோதனை உயிர்ப்புள்ள வைரசையும் உடைந்து கிடக்கும் வைரசின் எச்சத்தையும் ஒன்றாகவே எண்ணிவிடும். போர் முடிந்த களத்தில் தலைகளை மட்டும் எண்ணுபவனுக்கு, நிற்பவன் எவன், விழுந்தவன் எவன் என்பது தெரியாது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைகள் வெறுமையான கதை

இத்தகைய நிதானமான ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே நாடுகள் பலவற்றில் ஆசை முந்திக்கொண்டு ஓடியது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆந் திகதி ஜப்பான் நாட்டின் ஒசாக்கா மாநில ஆளுநர், அயடீன் கலந்த நீரால் கொப்பளிப்பது நோயாளியின் உமிழ்நீரில் வைரசைக் குறைக்கக் கூடும் என்று அறிவித்தார். 41 நோயாளரைக் கொண்ட சிறு ஆய்வே அதற்கு ஆதாரம். அன்றே கடைகளில் அயடீன் போத்தல்கள் தீர்ந்துபோயின. நோய் வராமல் தடுக்கும் என்று தாம் கூறவில்லை என ஆளுநர் பின்னர் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. விளக்கம் மெல்ல நடந்தது; வதந்தி முன்னரே ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

நாம் ஜப்பானியரைப் பார்த்து நகைப்பதற்கில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே நம் நாட்டுக் கேகாலையில், நோயைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டதை நாம் மறந்துவிட முடியாது. கூட்டத்தால் பரவும் நோய்க்கு மருந்து தேடிக் கூட்டங் கூடினோம். அச்சம் கொண்ட மனம் அளவுகோலை எறிந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஜப்பானிலேயே இதற்கு முன்னர் வேறொரு சுவையான ஆய்வு நடந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாய் கொப்பளிப்பது அந்நாட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழக்கப்படும் வழக்கம். சாதாரணத் தடிமனைத் தடுப்பதற்கு இது உதவுகிறதா என்று 387 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெறும் நீரால் கொப்பளித்தோருக்குத் தடிமன் 36 வீதம் குறைந்தது. அயடீன் நீரால் கொப்பளித்தோருக்கோ குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. கடையிலிருந்து வந்த கபில நிறப் போத்தல், கிணற்று நீரிடம் தோற்றது. சாதாரணத் தடிமனுக்கான இம்முடிவைக் கொவிட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் வலிய மருந்துதான் நல்ல மருந்து என்ற எண்ணத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க இது போதும்.

தொழிலாளரின் வாயும் உலகின் அறிவும்

அயடீனுக்குச் சாதகமான பெரிய ஆய்வு ஒன்றும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலே கொவிட் காட்டுத்தீயாய்ப் பரவியது. வங்காளதேசத்தவரும் இந்தியரும் மிகுதியாகத் தங்கியிருந்த இடங்கள் அவை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போன நம்மவரும் அங்கே பலர். ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் உறங்கி, பொதுக் குளியலறையைப் பங்கிட்டு வாழ்ந்தனர். துவாஸ் பகுதியிலிருந்த ஒரு விடுதியில் 3037 தொழிலாளரைக் கொண்டு 42 நாள் ஆய்வொன்று நடந்தது. ஒரு பிரிவினர் பொவிடோன் அயடீனைத் தொண்டைக்குள் நாளுக்கு மூன்று தடவை விசிறிக்கொண்டனர். ஒப்பீட்டுக்கு மற்றொரு பிரிவினர் உயிர்ச்சத்து சீ மட்டும் உட்கொண்டனர். முடிவில், உயிர்ச்சத்துப் பிரிவில் 70 வீதமானோர் நோய்த் தொற்றுக்கு ஆளாயினர். அயடீன் பிரிவில் 46 வீதமானோர்.

எழுபதுக்கும் நாற்பத்தாறுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ஆனால் இந்த எண்ணை இரண்டு கண்களாலும் பார்க்க வேண்டும். இது வாய் கழுவும் நீர் அன்று. தொண்டை வரை செலுத்திய விசிறல். தாம் எந்த மருந்தைப் பெறுகிறோம் என்பதைத் தொழிலாளர் அறிந்தே இருந்தனர். அனைத்துக்கும் மேலாக, மருந்தை ஒழுங்காக விசிறியவர்களுள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேரை நோய் பற்றியது. காரணம் என்ன? நெருக்கம். ஒரு கூரையின் கீழ் அத்தனை பேர் மூச்சு விட்ட காற்று. அணை உடைந்த குளத்துக்கு மண்வெட்டியோடு ஒருவன் நிற்பது வீணன்று. ஆனால் அவன் மட்டும் போதாது.

தமிழ்த் தொழிலாளரின் வாய் உலகுக்குப் பாடமாவது இது முதல் தடவையும் அன்று. வாய் கழுவும் நீர்களுள் குளோரெக்சிடீன் என்பதற்குத் தனிப் புகழ் உண்டு. 1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவரும், அதனால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தால் பல்லின் மீது படியும் அழுக்குப்படலம் உருவாவதைத் தடுக்கலாம் என்று காட்டினர். அதே ஹரால்ட் லோதான் அதே 1970ஆம் ஆண்டில் நம் மலைநாட்டுக்கு வந்து, டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரின் பற்களை ஆராயத் தொடங்கினார். பற்றூரிகையோ பல் வைத்தியமோ அறியாத அத்தொழிலாளரின் முரசு நோய் தானாக எவ்வாறு முற்றுகிறது என்பதைப் பதினைந்து ஆண்டு காலம் குறித்துவந்தனர். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் விரைவாக முற்றியது. எண்பத்தொரு பேருக்கு மிதமாக முற்றியது. பதினொரு பேருக்கு முற்றவேயில்லை. உலகத்துப் பல் வைத்திய மாணவர் இன்றும் படிக்கும் எண்கள் இவை. அந்த எண்களுக்குப் பின்னால் கொழுந்துக் கூடை சுமந்த குடும்பங்களின் ஆண்கள் வாய் திறந்து நின்றார்கள் என்பதை எத்தனை பேர் நினைப்பார்கள்? அறிவைத் தந்தவனுக்கு அந்த அறிவின் பயன் திரும்பிச் சேர வேண்டும் என்பது நியாயமல்லவா?

அதே குளோரெக்சிடீன் நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. பல்லிலும் முரசிலும் ஒட்டிக்கொண்டு பல மணித்தியாலம் பற்றீரியாவை அடக்கும் அம்மருந்து, கொவிட் வைரசின் முன் ஆய்வுகூடத்திலேயே வலிகுன்றி நின்றது. ஒரு பகைவனை வென்ற வாள் எல்லாப் பகைவரையும் வெல்லும் என்று எண்ணலாகாது.

எவருக்காக?

அப்படியாயின் இந்த நீர்களுக்கு உரிய இடமே இல்லையா? உண்டு. அது நம் சமையலறையில் இல்லை. பல் வைத்தியரின் நாற்காலிக்கு அருகில் இருக்கிறது.

பல் வைத்தியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். திறந்த வாய்க்கு முன்னே ஒரு முழ தூரத்தில் அவருடைய முகம். அவர் கையிலுள்ள கருவி நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் சூட்டைத் தணிக்கப் பாயும் நீர் மெல்லிய புகாராய்ச் சிதறுகிறது. நோயாளி முகக்கவசம் அணிந்திருக்க வழியே இல்லை. பக்கத்தில் உதவும் தாதியும் அதே காற்றையே சுவாசிக்கிறார். 2020ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளில் அவசர சிகிச்சை தவிர்ந்த பல் வைத்தியம் முழுவதும் சில காலம் நிறுத்தப்பட்டதன் காரணம் இதுவே.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சிகிச்சைக்கு முன்னர் நோயாளியை ஒரு வீத ஐதரசன் பேரொட்சைட்டாலோ 0.2 வீதப் பொவிடோன் அயடீனாலோ 20 விநாடி கொப்பளிக்கச் செய்யலாம் என்று அது கூறியது. அதே நிறுவனம் அதே ஆண்டின் தொடக்கத்தில், வாய் கழுவும் நீர் சில நிமிடங்களுக்கு உமிழ்நீரில் சில கிருமிகளைக் குறைக்கலாம், ஆனால் அது புதிய கொரோனா வைரசு தொற்றாமல் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று எச்சரித்திருந்தது. இரண்டும் முரண் அல்ல. சில நிமிடக் குறைப்பு ஊரெல்லாம் சுற்றி வருபவனுக்குப் பயன்படாது. சில நிமிடமே வாய் திறந்திருக்கும் நாற்காலியில் பயன்படலாம்.

அங்கேயும் அது தனிக் காவல் அன்று. பல் சிகிச்சையின்போது எழும் புகாரில் உள்ள கிருமிகள் பெரும்பாலும் கருவியின் நீரிலிருந்தே வருகின்றன, உமிழ்நீரின் பங்கு மிகச் சிறிது என்று 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டிற்று. வேகமாக உறிஞ்சும் குழாய், முகக்கவசம், முகத்திரை, காற்றோட்டமான அறை, தடுப்பூசி ஆகிய பல வேலிகளுக்குள்ளே கொப்பளிப்பும் ஒரு வேலி. மெல்லிய வேலிதான். அதன் செலவும் அரை நிமிடந்தான்.

இந்நீர்களை வீட்டில் நாள்தோறும் பாவிப்போர் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். அயடீன் நீரைத் தொடர்ந்து பாவித்தல் தைரொயிட்டு நோயுள்ளோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் உகந்ததன்று. அயடீன் ஒவ்வாதோர் அதனைத் தொடலாகாது. குளோரெக்சிடீனை வாரக்கணக்கில் பாவித்தால் பற்களில் கபிலக் கறை படியும். நாவின் சுவை மாறும். எதனையும் விழுங்கலாகாது. சிறு பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். காயத்துக்குப் பூசும் அயடீன் வேறு, வாய்க்கென்று செய்த அயடீன் வேறு. நிறம் ஒன்று என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

விறாந்தையில் ஒரு மாலை

இவற்றையெல்லாம் படித்துத் தொகுத்துக்கொண்டு அண்மையில் ஒரு மாலை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவருடைய துணைவியார் தேநீர் கொண்டுவந்து தந்தார். "உங்கள் கேள்விக்கு விடை கொண்டுவந்திருக்கிறேன், ஐயா" என்றேன். "சொல்லும் தம்பி" என்றார்.

"நல்ல பக்கத்தைப் பார்த்தால் சில மணித்தியாலம், கெட்ட பக்கத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. நம்பிக்கையோடு சொல்லக் கூடியது சில நிமிடந்தான். ஒரு பாடவேளைக்குக் காணும் என்று எவரும் உறுதி தரமாட்டார்கள்."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் மெல்லச் சிரித்தார். போன வருடம் பல்லொன்றைப் பிடுங்கப் போயிருந்தாராம். நாற்காலியில் அமர்ந்ததும் தாதி ஒரு சிறிய குவளையில் மருந்து நீர் தந்து கொப்பளிக்கச் சொன்னாராம். "முதலில் எனக்கு ஏதோ நன்மைக்குத் தருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை என் வாய்க்குக் கிட்டக் குனிந்து நின்றபோதுதான் விளங்கியது. அது எனக்காகத் தந்ததில்லை, தம்பி. அந்தப் பிள்ளைக்காக நான் செய்தது."

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றைப் படித்து நான் தேடிய வாக்கியத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கொப்பளிப்பை நம்மைக் காக்கும் கவசமாக எண்ணியதனாற்றான் நாம் முகக்கவசத்தைக் கழற்றினோம், யன்னலைச் சாத்தினோம், தடிமனோடு வகுப்புக்குப் போனோம். அதனை எதிரே இருப்பவருக்கு நாம் செய்யும் சிறு மரியாதையாக எண்ணியிருந்தால் மற்றக் காவல்களையும் கைவிட்டிருக்கமாட்டோம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். வாத்தியார் எழுந்து முற்றத்து ஓரத்துக்குப் போய் உப்புநீரால் கொப்பளித்தார். அது அவருடைய தொண்டைக்கு. அறுபது வருடப் பழக்கம். பின்னர் விறாந்தையின் யன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்தார். அன்று அவருக்குச் சற்றுத் தடிமன் இருந்தது. சட்டைப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து அணிந்துகொண்டு, கரும்பலகையின் முன் நின்று, முதற் கணக்கை எழுதத் தொடங்கினார். கடற்காற்று உள்ளே வந்து புத்தகத் தாள்களைப் புரட்டியது.